வயிற்றிலிருந்து வந்த வாஷர்

எங்கள் ஊரில் வயிறு என்று ஒன்றை வைத்திருந்த அத்தனை பேரும் அந்த வரிசையில் நின்றார்கள். வயிறு வலித்தவர்கள் நின்றார்கள். வலிக்காதவர்கள், நாளைக்கு வலித்துவிட்டால் என்ன செய்வது என்று இன்றைக்கே நின்றார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய சிமெண்டுக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வெள்ளையடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, டோக்கன் கொடுக்க வாசலில் ஓர் ஆளையும் நிறுத்திவிட்டால் அது வைத்தியசாலை ஆகிவிடுமா என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. எல்லோரும் டோக்கன் வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

உள்ளே இருந்தவர் குழல் ஐயா. ஆள் வாட்டசாட்டம். கையில் ஒரு முழ நீளத்துக்குப் பித்தளைக் குழல், பென்சில் தடிமனில். நோயாளியைப் பலகையில் படுக்க வைப்பார். தொப்புளுக்குப் பக்கத்தில் குழலின் ஒரு முனையை வைத்து அழுத்துவார். மறு முனையில் வாயை வைத்து, கண்ணை மூடி, கன்னம் ஒட்ட உறிஞ்சுவார். பிறகு பக்கத்திலிருக்கும் எவர்சில்வர் தட்டில் துப்புவார். டங்! ஒரு பட்டாணி விழும். அல்லது ஒரு பழவிதை. அல்லது சுருண்ட ஒரு முடிக்கற்றை. தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் உண்டியல் முன்னால் வந்து நிற்கும்.

"கத்தி இல்லை! ஊசி இல்லை! மாத்திரை இல்லை! ரத்தம் இல்லை!" என்று ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தியது. மூளையும் இல்லை என்பதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நான் இந்த ஊரில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். அடைப்பு எடுத்தே தலை நரைத்துவிட்டது. உங்கள் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்து, வீட்டு வெளிச்சுவரில் வாயை வைத்து உறிஞ்சி, "இதோ பாருங்கள் பட்டாணி, அடைப்பு போய்விட்டது" என்றால் கூலி கொடுப்பீர்களா? செருப்பைத் தேடுவீர்கள். தொட்டிக்கு இருக்கிற அந்த விவரம் வயிற்றுக்கு மட்டும் இல்லாமல் போய்விடுகிறது.

சரி, இவ்வளவு தெரிந்த எனக்கு அந்த வரிசையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகளுக்காக நின்றேன்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். வயது பதின்மூன்று. பார்த்தால் ஒன்பது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உயர வரிசைப்படி நிற்கச் சொன்னால் அவள் இடத்தை யாரும் தேடவேண்டியதில்லை, எப்போதும் முதல் ஆள். வளருகிற பெண் என்று அண்ணி நாலு விரல் மடித்துத் தைத்த பள்ளிப் பாவாடை இரண்டு வருஷமாக மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. துணி நைந்துபோனது, மடிப்பைப் பிரிக்கத்தான் வேளை வரவில்லை.

முதலில் வாய்ப்புண் வந்தது. "உடம்புச் சூடு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அப்புறம் முழங்கால் வீங்கியது. "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்றாள் என் அத்தை. அவள்தான் வளரவே இல்லையே அத்தை என்றேன். "அதுக்குத்தான் வலிக்குது" என்றாள். பிறகு கண் சிவந்தது. "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றார்கள். வைத்தவர் கண் சிவக்காமல் இவள் கண் ஏன் சிவந்தது என்று நான் கேட்டதற்கு, "உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்" என்று பதில் வந்தது. கடைசியில் வயிற்றுவலி, பேதி, மலத்தில் ரத்தம் என்று பிள்ளை துவண்டு விழுந்தபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே குழந்தைகளுக்குக் குடல் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர். குழாய் போட்டு உள்ளே பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"வாய்ப்புண், மூட்டு, கண்ணு, வளராம நின்னது, எல்லாமே ஒரே வியாதிதான். குடல் வீக்கம். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம சொந்தக் குடலையே அடிச்சிட்டிருக்கு. ஒரு இடத்துல குடல் குறுகிட்டு வருது."

தொழில் புத்தி யாரை விட்டது? நான் குறுக்கே புகுந்தேன். "அடைப்புதானே டாக்டரம்மா? ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்துடலாமே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்க பார்க்கிற குழாய்ல குப்பை சேர்ந்து அடைக்கும். இங்க குப்பையே கிடையாது. குழாயோட சுவரே வீங்கி வழி குறுகுது. வெளிய எடுக்க ஒண்ணுமே இல்லைங்க, வீக்கத்தைத்தான் வத்த வைக்கணும்."

தொழில் புத்தியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அது ரொம்ப அபூர்வமாக நடக்கிற காரியம்.

வீக்கம் வற்ற, சில வாரத்துக்குச் சோறு, பழம், பலகாரம் ஒன்றும் கிடையாது, டப்பாவில் வரும் சத்துப்பால் மட்டும்தான் என்றார். அதற்குப் பிறகு நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. "இப்பவே அடக்கிட்டா வளர்ந்துடுவா. வளர்ற வயசு தாண்டிட்டா அப்புறம் என்ன மருந்து குடுத்தாலும் போன உயரம் வராது. நடுவுல நிறுத்தினா குடல் இறுகிப்போகும், சீழ் பிடிக்கும், ஓட்டைகூட விழலாம். அப்புறம் அறுக்கிறதைத் தவிர வழி இருக்காது. நிறுத்திடாதீங்க" என்று என் அண்ணனைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

வாயாடி அந்தப் பாலைக் குடித்தாள். முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்து, என்னைத் திட்டி, டாக்டரம்மாவைத் திட்டி, பாலைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக் குடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது. ரத்தம் நின்றது. கன்னத்தில் களை வந்தது. நியாயமாகப் பார்த்தால் பாலுக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

என் அண்ணன் குழல் ஐயாவுக்குப் போட்டான்.

அண்ணன் பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிற வேலையில் இருக்கிறான். பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தாலும், "ஏன் லேட்டு? எங்க நின்ன? யார் நிறுத்துனது?" என்று டிரைவரைக் குடைந்து எடுத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன், டிப்போவில் யாரோ சொன்னார்கள் என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு குழல் ஐயாவிடம் போய் நின்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் மனுஷன் எதைத்தான் பிடிக்கமாட்டான்? எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

முதல் தடவை போனபோதே தட்டில் டங்கென்று ஓர் ஆரஞ்சு விதை விழுந்தது. அண்ணி அழுதுவிட்டாள். "ஆமாங்க ஐயா! இவளுக்கு ஆரஞ்சுன்னா உயிரு. விதையோட முழுங்கிடுவா!"

குழல் ஐயா கையை உயர்த்தினார். "இது நுனிதான்மா. அடிவேர் உள்ள உட்கார்ந்திருக்கு. அடுத்த தடவை அதை இழுக்கிறேன். இழுத்த அன்னைக்கே ஆஸ்பத்திரி மருந்து, டப்பா பால் எல்லாத்தையும் நிறுத்திடணும். அதுவும் இதுவும் ஒரே உடம்புல சேராது."

"அடிவேர் வந்துட்டா ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கமாட்டோம் ஐயா" என்று என் அண்ணன் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். நரம்பு வழி மருந்து ஆரம்பிக்க டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் அதே வாரத்தில்தான் இருந்தது.

இதை நடக்கவிடக் கூடாது என்று நினைத்தேன். ஏனென்றால் எதிர்வீட்டுத் தையல்காரர் மகனுக்கும் இதே வியாதி. அவனுக்கும் குழல் ஐயா ஏதோ பட்டாணியை எடுத்து, மருந்தை நிறுத்தச் சொன்னார். அவன் இப்போது பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். உள்ளே சீழ் கட்டி, குடலில் கொஞ்சத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒலிபெருக்கி மட்டும் 'ஐயாவால் முழுமையாகக் குணமடைந்தவர்கள்' என்று தினமும் அவனைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "அவங்க முழு மனசா நம்பலை, அதான்" என்றான். இதற்கு மேல் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொண்டால் சுவராவது கொஞ்சம் உதிரும்.

ஞாயிற்றுக்கிழமை வாயாடி என் வீட்டுக்கு வந்தாள். கையில் பால் டம்ளர். என் வேலைப் பையைத் தரையில் கவிழ்த்து, ஸ்பானரையும் நட்டையும் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"சித்தப்பா, ஆரஞ்சு விதை சமாச்சாரம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்கம்மாதான் சொல்லியிருப்பா."

"அவர்கிட்ட சொல்லல. வரிசையில தண்ணி குடுப்பாங்கல்ல, அன்பக்கா, அவங்ககிட்ட சொன்னாங்க."

அன்பக்கா என்பது கூட்டம் வைத்த பெயர். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு தாயிடமும் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, தலையைத் தடவி, "பாப்பா என்னம்மா விரும்பிச் சாப்பிடும்? எதையாவது முழுங்கிடுச்சா?" என்று உருகி உருகிக் கேட்பாள். இந்தக் காலத்தில் இப்படி யார் விசாரிக்கிறார்கள் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோய், இருக்கிறதெல்லாம் கொட்டிவிடுவார்கள்.

"அம்மா சொன்னது அன்பக்கா காதுல போச்சு. என் வயித்துலருந்து வந்துச்சு. நடுவுல நான் எங்க சித்தப்பா வரேன்?" என்றாள் வாயாடி.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு கேக்கறேன். உறிஞ்சறதுக்கு முன்னாடி அவர் திரைக்குப் பின்னாடி போய் சாமி கும்பிட்டுட்டு வராருல்ல? அதுவரைக்கும் லொடலொடன்னு பேசிட்டிருக்கவர், திரும்பி வந்ததும் பேசறதே இல்லை. ஏன்?"

"மௌன விரதமாம்."

"வாயில எதையோ வெச்சிருந்தா நானும் மௌன விரதம்தான்" என்றாள். பிறகு பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "சித்தப்பா, இதுல எது வாய்க்குள்ள போகும், ஆனா அந்தப் பித்தளைக் குழலுக்குள்ள போகாது?"

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். பைக்குள் கையை விட்டு அரை இஞ்ச் குழாய்க்குப் போடுகிற கருப்பு ரப்பர் வாஷர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வட்டமாக, கெட்டியாக, நடுவில் சின்ன ஓட்டையோடு இருக்கும். பென்சில் தடிமன் குழலின் வாயில் அது உட்காருமே தவிர உள்ளே இறங்காது.

"இதை நான் முழுங்கிட்டேன்" என்றாள் வாயாடி.

"அடிப்பாவி!"

"நிஜமா இல்ல சித்தப்பா. அன்பக்காவுக்கு மட்டும்."

பார்த்து முடித்ததும் அதை வாங்கித் திரும்பப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வாஷர் என் பையைவிட்டு எங்கும் போகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் தடவை போன அன்று கூட்டம் தெரு முனைவரை நின்றது. அண்ணன் முன்னால், அண்ணி பக்கத்தில், நான் வேலைப் பையோடு பின்னால். கிடங்கின் முற்றத்தில், கை கால் கழுவ ஒரு குழாய் உண்டு. எந்தக் குழாயைக் கண்டாலும் எனக்குத் திருகிப் பார்க்காமல் இருக்க முடியாது. திறந்தேன், கை கழுவினேன், மூடினேன். சொட்டுக்கூட விழாமல் நன்றாக நின்றது.

அன்பக்கா தண்ணீரோடு வந்தாள். வாயாடி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நடிப்பு யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியவில்லை.

"அக்கா, ஒரு விஷயம். அப்பா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அடிப்பாங்க."

"சொல்லுடா தங்கம், நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"சித்தப்பா பையிலருந்து ஒரு வாஷர் எடுத்து முழுங்கிட்டேன். கருப்பா, வட்டமா இருக்கும். தண்ணிக் குழாய்க்குள்ள போடுவாங்களே, அது. அதுக்கப்புறம்தான் வயித்துவலியே வந்துச்சு."

அன்பக்காவின் கண் ஒரு சுற்று பெரிதானது. "ஐயாவுக்குத் தானாத் தெரியும்டா கண்ணு. நீ கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு, மீதித் தண்ணீரைக் கொடுக்கவும் மறந்து, உள்ளே விறுவிறுவென்று போனாள்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. ஐயா ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறாராம், அடுத்த டோக்கன் தாமதமாகுமாம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல அடிவேராக இருக்கவேண்டும் என்று யாரோ வியந்தார்கள்.

அப்புறம் முற்றத்துப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. "யாருப்பா குழாயைத் திறந்து விட்டது?" "மூடினா மூட மாட்டேங்குதே!" வாளியை வைத்தார்கள், அது நிறைந்து வழிந்தது. நான் போய்த் திருகிப் பார்த்தேன். கைப்பிடி கடைசிவரை சுற்றியது. தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் ஒழுங்காக நின்ற குழாய்! நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் சமாளித்துவிட்டு வரிசைக்குத் திரும்பி வந்தேன்.

எங்கள் முறை வந்தது.

வாயாடி பலகையில் படுத்தாள். குழல் ஐயா வருகிற வழியெல்லாம் வியாதிகளின் பூர்வோத்தரத்தைப் பேசிக்கொண்டே வந்தார். திரைக்குப் பின்னால் போனார், கும்பிட்டார், திரும்பி வந்தார். பேச்சு நின்றுவிட்டது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது.

"ஐயா, உங்க பேர் என்ன?" என்றாள் வாயாடி படுத்தபடியே.

"ம்."

"உங்களுக்கு எந்த ஊரு ஐயா?"

"ம்ம்ம்!"

"சும்மா இரு பாப்பா, ஐயா மௌனத்துல இருக்காரு" என்று அண்ணி அதட்டினாள்.

குழலை வைத்தார். கண்ணை மூடினார். உறிஞ்சினார். உடம்பெல்லாம் நடுங்க, நெற்றியில் நரம்பு தெறிக்க ஓர் உறிஞ்சு. நடிப்பில் குறையே சொல்ல முடியாது. தட்டில் துப்பினார். இந்தத் தடவை டங்கென்று கேட்கவில்லை. ரப்பர் ஆயிற்றே, தொப்பென்றுதான் விழுந்தது. கருப்பாக ஒரு வாஷர்.

கூட்டம் கிடங்கே அதிரக் கூவியது. குழல் ஐயாவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. ஒலிவாங்கியை எடுத்தார். "பார்த்தீங்களா! சொந்தச் சித்தப்பா பையிலருந்து இந்தக் குழந்தை முழுங்கின வாஷர்! எந்த ஸ்கேன்லயும் தெரியாது, எந்த டாக்டருக்கும் புரியாது! இதுதான் அடிவேர்!"

அண்ணன் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. பெண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "டேய், உன்னோட வாஷர்டா! உன் பையை நீ ஒழுங்கா வெச்சிருந்தா என் பொண்ணு இப்படியா ஆகியிருப்பா? ஐயா, நாளையிலருந்து மருந்தும் இல்ல, பாலும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்திடறேன்!"

"அண்ணே, ஒரு நிமிஷம் பொறு" என்றேன். வேடிக்கை என்று வந்தது இந்த இடத்தில் வேடிக்கையாக இல்லை. இவன் நம்பிவிட்டால் நாளைக்குப் பிள்ளையின் மருந்து குப்பைக்குப் போகும்.

ஆனால் வாயாடி என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தன் வயிற்றில் நின்ற குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையால் தட்டிலிருந்த வாஷரை எடுத்தாள். குழலின் முனையில் வைத்து அழுத்தினாள். திருப்பி வைத்து அழுத்தினாள். மறு முனையில் வைத்து அழுத்தினாள்.

"ஐயா, இது இதுக்குள்ள போகவே மாட்டேங்குதே. எப்படி வந்துச்சு?"

ஒலிவாங்கி குழல் ஐயாவின் கையிலேயே இருந்ததால் அந்தக் கேள்வி தெரு முனைவரை கேட்டது.

முன்வரிசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆமாப்பா, போகலையே."

குழல் ஐயா லேசுப்பட்டவரா? ஒரு கணம்தான் திகைத்தார். "அருளால சுருங்கி வந்துச்சு பாப்பா. வெளிய வந்ததும் விரிஞ்சுக்கிச்சு."

"அதானே!" என்று கூட்டம் மூச்சு விட்டது. எவ்வளவு நிம்மதி அவர்களுக்கு! யோசிக்கவேண்டி வந்துவிடுமோ என்று ஒரு நொடி பயந்துபோயிருந்தார்கள்.

"நான் எதையும் முழுங்கவே இல்லையே" என்றாள் வாயாடி.

"குழந்தை, மறந்துபோச்சு" என்றார் ஐயா கனிவாக.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சரிங்க ஐயா. எவ்வளவோ பேருக்கு நல்லது செய்றீங்க. உங்க முற்றத்துக் குழாய் கொட்டிட்டே இருக்கு. என் தொழில் அதுதான். சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன், கூலி வேண்டாம்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவசரமாகச் சொன்னார் குழல் ஐயா. அன்றைக்கு அவர் சொன்னதில் உண்மையான பயத்தோடு வந்த வார்த்தை அதுதான்.

நான் போய்விட்டேன். கூட்டமும் என் பின்னால் வந்தது. கூட்டத்துக்கு யாராவது ஒருவர் முன்னால் நடந்தால் போதும். மூலையில் இருந்த வால்வை மூடினேன், தண்ணீர் நின்றது. ஸ்பானரைப் போட்டுக் குழாயின் தலையைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க. இதுக்கு அடியில ஒரு வாஷர் இருக்கணும். இல்லை. அதனாலதான் மூடினாலும் நிக்கலை. காலையில நான் கை கழுவினப்போ இருந்துச்சு."

"சித்தப்பா, இது சரியா இருக்குமான்னு பாருங்களேன்" என்று வாயாடி தட்டோடு வந்து நின்றாள்.

வாஷரை எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம், நாள்பட அழுந்தி அழுந்தி விழுந்த தடம். ஓரத்தில் உப்புப் படிந்திருந்தது. குழாய்க்குள் வைத்தேன். எங்கேயோ போயிருந்த பிள்ளை வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி, பள்ளம் விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. தலையை முடுக்கினேன். வால்வைத் திறந்தேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. மூடினேன், நின்றது. ஒரு சொட்டு இல்லை.

பிறகு, கன்னத்தில் போட்டுக்கொண்டாரே, அந்தப் பெரியவர் நிஜமான கவலையோடு கேட்டார்.

"அப்ப இந்தக் குழாயோட வாஷர் எப்படிப்பா அந்தப் பாப்பா வயித்துக்குள்ள போச்சு?"

எங்கேயோ ஒரு தாய் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். சிரிப்பு வரிசை வழியாகத் தெருவரை ஓடியது. கேள்வி கேட்ட பெரியவருக்கும் கடைசியில் புரிந்துவிட்டது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், சிரித்து முடித்ததும் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டவும் செய்தார். ஆளாளுக்கு ஞாபகம் வந்தது. "நான் பட்டாணின்னு சொன்னேன், பட்டாணி வந்துச்சு!" "நான் முடின்னு சொன்னேன்!" எல்லாம் சொன்னது யாரிடம் என்று திரும்பிப் பார்த்தால் அன்பக்காவைக் காணோம், உண்டியலையும் காணோம். அன்பு பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தது.

"எத்தனை கடை இருக்கு, போய் ஒண்ணு வாங்கியிருக்கக் கூடாதா?" என்று குழல் ஐயாவிடம் நானே கேட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை. பித்தலாட்டத்திலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டாமா? அவர் பதில் சொல்லவில்லை. இப்போது பிடித்ததுதான் உண்மையான மௌன விரதம். வரிசையில் அல்சருக்காக நின்றுகொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து அவர் தோளில் கையை வைத்தார்.

அண்ணன் பலகை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தை நிமிர்த்தவே இல்லை. "அவளுக்கு நல்லாகணும்னுதான்டா... வேற ஒண்ணும் தோணலை" என்றான்.

"தெரியும்ப்பா" என்று வாயாடி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஆனா பஸ் லேட்டா வந்தா டிரைவரை எத்தனை கேள்வி கேப்பீங்க? எனக்காக இவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்ல?"

அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொள்ளப் பக்கத்திலேயே நல்ல குழாய் ஒன்று இருந்தது.

டாக்டரம்மா குறித்த நாளில் மருந்து ஏற ஆரம்பித்தது. அண்ணன் இப்போது அந்த அம்மாவைக் குடைந்து எடுக்கிறான். இது என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள், பக்கவிளைவு என்ன வரும்? அவரும் சளைக்காமல் சொல்கிறார். கேள்வி கேட்டால் கோபப்படாதவர்தான் வைத்தியர் என்று இந்த வயதில் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். வியாதி மாயமாக மறைந்துவிடவில்லை. அது கூடவே இருக்கும், கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சில நாள் வயிறு வலிக்கும், அன்றைக்கு வாயாடி எங்கள் எல்லோரையும் திட்டுவாள். ஆனால் போன மாதம் அண்ணி பள்ளிப் பாவாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் மடிப்பில் ஒரு விரல் அளவு பிரித்தாள். பிரித்த நூலைக் கீழே போட மனசில்லாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சரி, ஊர் திருந்திவிட்டதா என்று கேட்காதீர்கள். போன வாரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கண்ணாடி அம்மா என்று ஒருத்தர் வந்து இறங்கியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தே எலும்பு வியாதியைச் சொல்கிறாராம். அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே ஒலிபெருக்கி, தண்ணீர் கொடுக்க இன்னொரு அன்பான அக்கா. என் அத்தை டோக்கன் வாங்கிவிட்டாள். போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. தலையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவது என்று முடிவே செய்துவிட்டாலும், கையாவது உங்களுடையதுதானே? போகிற போக்கில் அங்கே இருக்கிற தண்ணீர்க் குழாயை ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுப் போங்கள்.